ஈஎஃப் எண் மட்டும் போதாது: இதயப் பட வசதியைக் குறைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும், இதயத்துறைத் தலைவர்களுக்கும், காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மருத்துவ ஆலோசகர்களுக்கும்,

இதயத் தசை பழுதான நோயாளிகளுக்கு இனி எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) வரும் ஈஎஃப் எண்ணை, அதாவது இதயம் ரத்தத்தை வெளியேற்றும் விழுக்காட்டை, வைத்தே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். ஈஎஃப் 35 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இதய எம்ஆர்ஐ-க்கு அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த ஸ்கேனுக்கும் 20 நிமிடத்துக்கு மேல் ஒதுக்கப்படாது. உங்கள் சுற்றறிக்கையின் சாரம் இதுதான். அதற்குக் காரணமாக, தசை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை என 2022-ல் ஓர் ஆய்வு நிரூபித்துவிட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தப் படங்களை எடுப்பவர்களும் படித்து அறிக்கை எழுதுபவர்களும் நாங்கள். எங்களில் ஒருவரிடமும் கேட்காமல் எடுத்த இந்த மூன்று முடிவுகளையும் எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பதே ஈஎஃப். உள்ளறையின் ஓரத்தை இரண்டு கோணங்களில் கையால் வரைந்து, அதிலிருந்து கொள்ளளவைக் கணக்கிட்டு எடுக்கும் எண் அது. கருவியைச் சற்று மேலே வைத்துவிட்டால் இதயத்தின் நுனி வெட்டுப்பட்டு அறை குட்டையாகத் தெரியும். ஈஎஃப் உண்மையைவிடக் கூடுதலாக வரும். பருமனானவர்களிடமும் நுரையீரல் நோய் உள்ளவர்களிடமும் பக்கச் சுவரின் ஓரமே தெரியாது. வரைபவர் ஊகித்துத்தான் கோடு போடுவார். இதயச் சுவரின் அடுத்தடுத்த இரண்டு பகுதிகள் தெரியவில்லை என்றால் நுண்குமிழி கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. நெரிசலான எக்கோ அறையில் அந்த ஊசி எத்தனை முறை போடப்படுகிறது என்று உங்கள் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். இதெல்லாம் சேர்ந்து, உடல்நிலையில் எந்த மாற்றமும் இல்லாத ஒரே ஆளுக்கு வெவ்வேறு நாளில் எடுக்கும் இரு பரிமாண எக்கோவில் ஈஎஃப் 10 புள்ளி வரை மாறலாம். ஒருவருக்கு இன்று 33, அடுத்த மாதம் 38 என்று வந்தால் தசை தேறிவிட்டதா, வரைந்த கை மாறியதா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. உங்கள் சுற்றறிக்கைப்படி முதல் நாள் வந்தவருக்கு எம்ஆர்ஐ உண்டு. அடுத்த மாதம் வந்த அதே ஆளுக்கு இல்லை.

எண் சரியாகவே வந்தாலும் சிக்கல் தீராது. தசை எவ்வளவு பலவீனமாகிவிட்டது என்பதை ஈஎஃப் சொல்லும். எதனால் என்பதைச் சொல்லாது. சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. ஈஎஃப் 35 உள்ள நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பழைய மாரடைப்பு. இன்னொருவருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வந்த தசை அழற்சி. மூன்றாமவருக்கு சார்க்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் உண்டாகும் நோய்). நான்காமவருக்கு டிரான்ஸ்தைரெடின் என்ற புரதம் தசையில் படியும் அமிலாய்டு நோய். எக்கோவில் நால்வரின் இதயமும் சோர்ந்து அசைவது ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாமவருக்கு அடைப்பு நீக்குவதா, மருந்தோடு விடுவதா என்பது கேள்வி. இரண்டாமவர் சில மாதம் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். மூன்றாமவருக்கு ஸ்டீராய்டு. நான்காமவருக்கு அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் டஃபாமிடிஸ் போன்ற மருந்து. மற்ற இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கொடுக்கும் அளவில் பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைக்கும் மருந்து) கொடுத்தால் அவர் பெரும்பாலும் தாங்கமாட்டார். நால்வருக்கும் ஒரே சீட்டு எழுதினால் மூன்று பேருக்குத் தவறான சிகிச்சை.

கேடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியாகப் போட்டு எடுக்கும் எம்ஆர்ஐ இந்த இடத்தில்தான் பேசும். செத்துப்போன தசையும் நார்த் தழும்பும் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெள்ளையாகத் தெரியும். நல்ல தசை கறுப்பாக இருக்கும். வெள்ளை எங்கே விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாரடைப்பில் வெள்ளை எப்போதும் சுவரின் உள்ளோரத்தில் தொடங்கி வெளியே பரவும், ஒரு ரத்த நாளத்தின் எல்லைக்குள் நிற்கும். தசை அழற்சியில் பெரும்பாலும் பக்கச் சுவரின் வெளியோரத்தில் விழும், உள்ளோரம் தப்பியிருக்கும். காரணம் தெரியாத இதய விரிவில் இடைச்சுவரின் நடுவே ஒரு கோடாக ஓடும். சார்க்காய்டில் திட்டுத்திட்டாக, எந்த நாளத்தின் எல்லைக்கும் அடங்காமல் இருக்கும். அமிலாய்டு எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறோம். எக்கோவில் ஒன்றுபோலத் தெரிந்த அந்த நால்வரும் இங்கே தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள்.

இனி நீங்கள் மேற்கோள் காட்டிய ஆய்வு. பெயர் குறிப்பிடாவிட்டாலும் அது ரிவைவ்டு-பிசிஸ்2 என்பது புரிகிறது. 700 நோயாளிகள், ஈஎஃப் 35 அல்லது அதற்குக் கீழ், ரத்த நாளங்களில் பரவலான அடைப்பு. ஒரு பாதிக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட், மறுபாதிக்கு மருந்துகள் மட்டும். மூன்றாண்டுகளுக்கும் மேல் பார்த்ததில், மரணமோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதோ ஸ்டென்ட் பக்கத்தில் 37.2 விழுக்காடு, மருந்துப் பக்கத்தில் 38.0 விழுக்காடு. வித்தியாசம் இல்லை. இதில் எங்களுக்கு எந்தச் சர்ச்சையும் கிடையாது.

ஆனால் அந்த ஆய்வில் சேரவே ஒரு நிபந்தனை இருந்தது: அசைவு குறைந்த பகுதிகளில் குறைந்தது நான்கில் தசை உயிரோடு இருப்பதாகப் படத்தில் தெரிய வேண்டும். அதாவது 700 பேரும் படம் எடுத்து வடிகட்டப்பட்டவர்கள். படம் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் அந்த ஆய்வு ஒப்பிடவே இல்லை. ஒப்பிட்டது ஸ்டென்ட்டையும் மருந்தையும். உயிருள்ள தசை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஸ்டென்ட் வைக்காதே என்பது அதன் பாடம். படமே வேண்டாம் என்பது நீங்களாகச் சேர்த்த வரி. அந்த ஆய்வின் படங்களையே வைத்து 2023-ல் வந்த துணை ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: உயிருள்ள தசையின் அளவு ஸ்டென்ட்டால் யாருக்குப் பயன் என்பதைக் காட்டவில்லை; ஆனால் தழும்பு கூடக் கூட, இதயம் தேறும் வாய்ப்பு குறைந்தது, கெட்ட விளைவுகள் கூடின. நோயாளியின் வருங்காலத்தைச் சொன்னது எந்தச் சோதனையோ, அதை நிறுத்துவதற்கு அந்த ஆய்வையே சான்றாகக் காட்டுகிறீர்கள்.

பைபாஸ் அறுவைக்குக் கதை வேறு. பைபாஸையும் மருந்தையும் ஒப்பிட்ட ஸ்டிச் ஆய்வில் 1212 பேர். 2011-ல் ஐந்தாண்டு அளவில் வந்த முதல் முடிவில் மொத்த மரணத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. பத்தாண்டு முடிவு 2016-ல் வந்தபோது பைபாஸ் பக்கம் 58.9 விழுக்காடு, மருந்துப் பக்கம் 66.1 விழுக்காடு மரணம். அதிலும் தசை உயிர்ச் சோதனை யாருக்குப் பைபாஸ் பயன்படும் என்று பிரித்துக் காட்டவில்லை என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் அதில் பயன்படுத்தியவை அணுக்கதிர் ஸ்பெக்ட் படமும் டோபுட்டமின் (இதயத்தைத் தூண்டும் மருந்து) கொடுத்து எடுக்கும் எக்கோவும்தான். தழும்பின் ஆழத்தை மில்லிமீட்டர் அளவில் காட்டும் எம்ஆர்ஐ அல்ல. எந்தச் சோதனையைச் செய்வது என்பதும், செய்வதா வேண்டாமா என்பதும் அங்கே குலுக்கலில் தீர்மானிக்கப்படவும் இல்லை.

தழும்பின் ஆழம் ஏன் முக்கியம்? 2000-ல் வெளியான, இன்றும் இந்தத் துறையின் அடித்தளமாக இருக்கும் ஆய்வில், அடைப்பு நீக்குவதற்கு முன் படம் எடுத்துப் பின்னால் அசைவை ஒப்பிட்டார்கள். தழும்பே இல்லாத, அசைவு மட்டும் குறைந்த 329 பகுதிகளில் 256, அதாவது 78 விழுக்காடு, தேறின. சுவரின் முக்கால் பங்குக்கு மேல் தழும்பான 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. நடுவில் இருப்பவை இடைப்பட்ட நிலை. பாதிச் சுவரைத் தாண்டியதும் வாய்ப்பு மளமளவெனச் சரிகிறது. முன்சுவர் முழுவதும் முக்கால் ஆழத்துக்குத் தழும்பாகிவிட்ட ஒருவரை, அசைவு தேறும் என்று சொல்லி அறுவை மேசைக்கு அனுப்புவது நியாயமா? அப்படிச் சொல்லக் கூடாது என்று தடுக்கும் படத்தைத்தான் நீங்கள் நிறுத்துகிறீர்கள். ஒரு சிகிச்சை வேண்டாம் என்று காட்டுவதும் படத்தின் வேலைதான். உங்கள் செலவுக் கணக்கில் அதற்கு ஒரு பத்தியே இல்லை.

35 என்ற உங்கள் எல்லைக்கு மேலே இருக்கும் நோய்களைப் பார்த்தால்தான் இந்த முடிவின் உண்மையான ஆபத்து தெரியும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் இதயத் தசையில் இரும்பு படிகிறது. ஈஎஃப் பல காலம் சாதாரணமாகவே இருக்கும். விழும்போது சட்டென்று விழும். எம்ஆர்ஐ-யில் டி2 ஸ்டார் என்ற அளவு 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் பயமில்லை, 10-க்குக் கீழே போனால் ஆபத்து. 652 தலசீமியா நோயாளிகளை வைத்து 2009-ல் வந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இதயச் செயலிழப்பு வந்தவர்களின் ஸ்கேன்களில் 98 விழுக்காட்டில் இந்த அளவு 10-க்குக் கீழே இருந்தது. 6-க்குக் கீழே இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் செயலிழப்பு வந்தது. முன்கூட்டியே தெரிந்தால் இரும்பை வெளியேற்றும் மருந்தைக் கூட்டி இதயத்தை மீட்கலாம். இந்தச் சோதனைக்கு ஊசி கூடத் தேவையில்லை. மூச்சை ஒரு முறை அடக்கினால் இதயத்தின் நடுப்பகுதியில் ஒரு வெட்டுப் படம், அவ்வளவுதான். அதைக்கூட ஈஎஃப் 35-க்குக் கீழே வந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டச் சொல்வது இதுதான்.

இதே விஷயத்தில் கருவி பற்றியும் ஒரு குறிப்பு. 20, 10 என்ற எல்லைகள் 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமை) கருவிக்கானவை. 3 டெஸ்லா கருவியில் அதே இரும்புக்கு எண் குறைவாக வரும். மேம்பட்ட கருவி வாங்கியாயிற்று என்று பழைய 1.5 டெஸ்லாவைக் கழற்றிவிட்டு எல்லைகளை மாற்றாமல் விட்டால், நல்ல இதயமும் இரும்பேறியதாகத் தெரியும்.

புற்றுநோய் மருந்துகளும் இப்படித்தான். ஆந்த்ராசைக்ளின், டிராஸ்டுசுமாப் எடுப்பவர்களுக்கு ஈஎஃப் விழுவதற்கு முன்பே தசையின் நீளவாட்டுச் சுருக்கம் குறைகிறது. எக்கோவிலேயே ஸ்ட்ரெயின் என்ற மென்பொருளால் அதை அளக்கலாம், எம்ஆர்ஐ வேண்டியதில்லை. முதல் அளவிலிருந்து ஒப்பீட்டளவில் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, கழித்தல் 20 இருந்தவருக்குக் கழித்தல் 16 ஆகிவிட்டால். ஆனால் ஒப்பிட முதல் அளவு வேண்டுமே! முதல் டோஸுக்கு முன்னால் ஸ்ட்ரெயின் எடுக்காமல் விட்டால் பின்னால் எடுக்கும் எண்ணுக்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு கம்பெனி மென்பொருளும் சற்று வேறு எண் தரும் என்பதால் அதே கருவி, அதே மென்பொருள் என்பதும் முக்கியம். இதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. ஒழுங்கு மட்டும் வேண்டும்.

அடுத்து, மாரடைப்பு போல வலி வந்து, ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் புரதம்) ஏறி, ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லாதவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஈஎஃப் 35-க்கு மேல்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் எம்ஆர்ஐ எடுத்தால் கரைந்துபோன ரத்தக்கட்டியால் வந்த உண்மையான மாரடைப்பா, தசை அழற்சியா, மன அதிர்ச்சியில் வரும் டகோட்சுபோவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முதலாவதற்கு ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் நீண்ட காலத்துக்கு. மற்ற இரண்டுக்கும் அவை தேவையில்லாமல் போகலாம். தாமதித்தால் வீக்கம் வற்றிவிடும், தடயமும் போய்விடும். அனுமதிக் கடிதம் வர ஒரு மாதம் ஆகும் நடைமுறையில் இந்தச் சோதனை செத்த பிறகு கொடுக்கும் வைத்தியம்தான்.

இப்போது 20 நிமிடம். இதை முடிவு செய்தவர் ஒரு முறை ஸ்கேன் அறைக்குள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஈசிஜி ஒட்டி, நோயாளியைப் படுக்க வைத்து, திசைகளைப் பிடிக்கவே ஐந்து நிமிடம். ஊசிக்கு முன், தசையின் நாரையும் வீக்கத்தையும் எண்ணாகக் காட்டும் டி1, டி2 அளவுப் படங்கள். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல் வரை கேடோலினியம். அதன் பின் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இது சோம்பல் அல்ல. மருந்து நல்ல தசையிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் கழுவிப்போக அந்த நேரம் வேண்டும். அனுபவமுள்ள டெக்னீஷியன் அந்த இடைவெளியை வீணாக்க மாட்டார். 8 மில்லிமீட்டர் கனத்தில் இதயத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டும் அசைவுப் படங்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சடக்கலாக, அப்போதே முடித்துவிடுவார். பிறகு தழும்புப் படங்கள். பிறகு ஊசிக்குப் பின்னான டி1. நோயாளி ஒத்துழைத்தால் 40, 45 நிமிடம். மூச்சுத் திணறுபவர், துடிப்பு சீராக இல்லாதவர் என்றால் இன்னும் கூடும். அவர்களுக்குத்தான் இந்தச் சோதனையே அதிகம் தேவைப்படுகிறது.

இதை 20 நிமிடத்தில் அடைத்தால் என்ன ஆகும்? தழும்புப் படம் ஊசி போட்ட நான்காவது, ஐந்தாவது நிமிடத்திலேயே எடுக்கப்படும். அப்போது அறைக்குள் உள்ள ரத்தமும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். மாரடைப்புத் தழும்பு உள்ளோரத்தில்தானே இருக்கிறது? வெள்ளை ரத்தத்தை ஒட்டிய வெள்ளைத் தழும்பு கண்ணுக்குத் தெரியாது. தழும்பு இல்லை என்று அறிக்கை போகும். தவறாக எடுத்த படம் எடுக்காத படத்தைவிட மோசம். அறிக்கையில் கையெழுத்து இருப்பதால் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

பயிற்சி இல்லாத பொது எம்ஆர்ஐ டெக்னீஷியன்களைச் சுழற்சி முறையில் அனுப்புவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. தழும்புப் படத்தின் உயிர்நாடி தலைகீழ் நேரம் என்று நாங்கள் சொல்லும் டிஐ. நல்ல தசை முழுக்கக் கறுப்பாகும் நொடியைப் பிடிக்க வேண்டும், 1.5 டெஸ்லாவில் அது பெரும்பாலும் 200 முதல் 300 மில்லிசெகண்டுக்குள் இருக்கும். மருந்து கழுவிப்போகப் போக அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். முதல் வெட்டுக்கு வைத்த எண்ணைக் கடைசி வெட்டு வரை மாற்றாமல் விட்டால், நல்ல தசை சாம்பல் நிறமாகி, தழும்பும் மங்கிவிடும். சந்தேகமான வெள்ளைப் புள்ளியை வேறொரு திசையிலும் எடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதெல்லாம் கை பழகியவர்களின் வேலை.

அமிலாய்டு நோயாளியிடம் இன்னொரு வேடிக்கை நடக்கும். டிஐ-யை எவ்வளவு மாற்றினாலும் தசை சரியாகக் கறுக்காது. ரத்தம் கறுப்பாகிவிடும், தசை பரவலாக வெளுத்து நிற்கும். பழக்கமில்லாதவர் படம் சரியாக விழவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் முயன்று, கடைசியில் படத்தின் தரம் குறைவு என்று குறிப்பெழுதி அனுப்பிவிடுவார். பழகியவருக்கு அந்தத் தோல்விதான் நோயின் பெயர். அங்கேயே எழுந்து மருத்துவருக்கு ஃபோன் போடுவார். புத்தகத்தில் இருந்தாலும், கன்சோல் முன் உட்கார்ந்திருப்பவரின் கண் பழகினால்தான் கைவரும் அறிவு இது. இதைச் சுழற்சிப் பட்டியலில் கரைத்துவிடாதீர்கள்.

அமிலாய்டு என்று சந்தேகம் வந்த பின் அடுத்த படி டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேன். இதயத்தில் இரண்டாம் அல்லது மூன்றாம் தர ஏற்பு (மருந்து தேங்கும் அளவு) தெரிந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் ஒற்றைக்குலப் புரதம் (ஒரே வகைச் செல் பெருகிச் சுரக்கும் புரதம்) இல்லையென்றால், திசு எடுக்காமலே டிரான்ஸ்தைரெடின் வகை என்று உறுதி செய்யலாம் என்பது 2016-ல் 1217 நோயாளிகளை வைத்து நிறுவப்பட்டது. இரண்டு நிபந்தனைகளும் சேர வேண்டும். எலும்பு ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு ரத்தச் சோதனையை விட்டுவிட்டால், லேசான சங்கிலிப் புரத வகை அமிலாய்டு நோயாளிகள் தவறாகச் சேர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது கீமோதெரபி, அதுவும் நாள் கடத்தாமல். தட்டையான படத்தோடு நிற்காமல் முப்பரிமாண ஸ்பெக்டும் எடுத்தால்தான் ஏற்பு தசையிலா, அறைக்குள் இருக்கும் ரத்தத்திலா என்பது தெரியும்.

பெட் ஸ்கேன் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை என்றாலும், முன்பதிவுப் பலகையில் எல்லா எஃப்டிஜி (கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை) ஸ்கேனுக்கும் ஒரே தயாரிப்புத் தாளைக் கொடுக்கச் சொன்ன உத்தரவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உயிருள்ள தசையைத் தேடும்போது தசைக்குச் சர்க்கரை ஊட்ட வேண்டும். குளுகோஸும் இன்சுலினும் கொடுப்பது அதற்காக. சார்க்காய்டு அழற்சியைத் தேடும்போது நல்ல தசை சர்க்கரையைத் தொடவே கூடாது. முந்தைய நாள் குறைந்தது இரண்டு வேளை கொழுப்பு 35 கிராமுக்கு மேலும் மாவுச்சத்து 3 கிராமுக்குக் கீழும் உள்ள உணவு, பிறகு பட்டினி. ஒரே ஊசி மருந்து, நேர் எதிரான தயாரிப்பு. வார்டில் ஏறிக்கொண்டிருக்கும் டெக்ஸ்ட்ரோஸ் சொட்டும், இனிப்பான இருமல் மருந்தும்கூடப் படத்தைக் கெடுத்துவிடும். தசை முழுக்க ஒளிர்ந்து, அழற்சி இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. அப்படிப்பட்ட படத்தை நம்பி ஸ்டீராய்டு தொடங்குவதும் தவறு, நிறுத்துவதும் தவறு.

ஐசிடி (ஆபத்தான துடிப்புக் கோளாறை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் கருவி) பொருத்தும் முடிவிலும் ஈஎஃப் ஒன்றையே பிடித்துத் தொங்குவது சரியல்ல. மாரடைப்பு அல்லாத காரணத்தால் இதயம் பலவீனமானவர்களிடம் ஐசிடி மொத்த மரணத்தைக் குறைக்கவில்லை என்று 2016-ல் டேனிஷ் ஆய்வு காட்டியது. ஆனால் திடீர் மரணம் 8.2 விழுக்காட்டிலிருந்து 4.3-க்குக் குறைந்தது. அப்படியானால் திடீர் மரண ஆபத்து யாருக்கு என்று பிரிப்பதுதான் கேள்வி. 2013-ல் 472 இதய விரிவு நோயாளிகளில் செய்த ஆய்வில், சுவரின் நடுவே தழும்பு இருந்தவர்களில் திடீர் மரணமோ உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறோ ஏற்பட்டவர்கள் 29.6 விழுக்காடு, இல்லாதவர்களில் 7.0 விழுக்காடு. தழும்பை மட்டும் வைத்து ஐசிடி முடிவெடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கு முப்பதையும் ஏழையும் பிரித்துக் காட்டும் ஒன்றைப் பார்க்காமலே முடிவெடுப்பது எப்படிச் சிக்கனம் ஆகும்? இரண்டு கீழறைகளையும் ஒத்திசைக்கும் பேஸ்மேக்கருக்கும் இதே கதைதான்: கம்பி பதிக்கும் பின்பக்கச் சுவர் தழும்பாக இருந்தால் அந்த விலையுயர்ந்த கருவி பெரும்பாலும் வேலை செய்யாது.

சிறுநீரகம், பேஸ்மேக்கர் என்று சொல்லி நோயாளிகளைத் திருப்பி அனுப்புவதும் கூடியிருக்கிறது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களிடம் தோலையும் உறுப்புகளையும் இறுக்கும் நோய் வந்தது பெரும்பாலும் பழைய நேர்க்கோட்டு வகைக் கேடோலினியத்தால். வளைய வகையில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. மருந்தகத்தில் வளைய வகையை மட்டும் வாங்கி வைத்தால் இந்த மறுப்புகளில் பெரும்பகுதி தானாகத் தீரும். ஐசிடி உள்ளவர்களிடம் கருவியின் உலோகம் முன்சுவரில் போலி வெள்ளையை உண்டாக்கும். அதைத் தழும்பென்று படிப்பவர்களும் உண்டு. அகலப்பட்டை முறை என்ற மென்பொருள் அதற்குத்தான். கருவியை முன்னும் பின்னும் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். செய்ய முடியாது என்பதல்ல, ஏற்பாடு இல்லை என்பதே உண்மை.

இன்னொன்று. ஈஎஃப் தேறிவிட்டது என்றதும் மருந்தை நிறுத்தச் சொல்லும் குறிப்பும் அந்தச் சுற்றறிக்கையின் இணைப்பில் இருக்கிறது. டிரெட்-எச்எஃப் ஆய்வில், தேறியதாகக் கருதப்பட்ட இதய விரிவு நோயாளிகளிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்தியதும் ஆறு மாதத்துக்குள் 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் இல்லை. சாதாரண ஈஎஃப் என்பது சாதாரணத் தசை அல்ல. இந்தக் குறிப்பை இன்றே எடுத்துவிட வேண்டும். மற்றவற்றுக்காவது ஒரு வாரம் காத்திருக்கலாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஈஎஃப் 35 என்ற எல்லையை எம்ஆர்ஐ அனுமதிக்கான நிபந்தனையிலிருந்து நீக்குங்கள். அதற்குப் பதிலாக, படம் கேட்கும் மருத்துவர் ஒரு வரியில் சிகிச்சைக் கேள்வியை எழுத வேண்டும் என்று வையுங்கள்: காரணம் தெரிய வேண்டும், பைபாஸ் பற்றி முடிவெடுக்க வேண்டும், ஐசிடி, இரும்பு, ரத்தக்கட்டி, ஸ்டீராய்டு. எந்தச் சிகிச்சையும் மாறாத படத்துக்கு அனுமதி மறுங்கள். அதில் நாங்கள் உங்கள் பக்கம்தான். முழுமையான தழும்புப் பரிசோதனைக்கு 45 நிமிடமும், இரும்புக்கு மட்டுமான டி2 ஸ்டார் படத்துக்கு 15 நிமிடமும் ஒதுக்குங்கள்; இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்காதீர்கள். அடைப்பில்லாத மாரடைப்பு நோயாளிகளுக்கு அனுமதிக் கடிதம் இல்லாமலே வாரத்துக்குச் சில இடங்களை ஒதுக்கி வையுங்கள்.

இதயப் படத்துக்கென நிலையான டெக்னீஷியன் குழு வேண்டும். எக்கோ அறையில் நுண்குமிழி ஊசியும், புற்றுநோய் மருந்து தொடங்கும் எல்லோருக்கும் முதல் டோஸுக்கு முன் ஸ்ட்ரெயினும் கட்டாயமாக வேண்டும். பெட் ஸ்கேனுக்கு இரண்டு தனித்தனித் தயாரிப்புத் தாள்கள், வேறு வேறு நிறத்தில்; சார்க்காய்டு நோயாளி சாப்பிட்டதை எழுதிய குறிப்பைப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. அமிலாய்டு எலும்பு ஸ்கேனுக்குப் பதிவு செய்யும்போதே ஒற்றைக்குலப் புரதச் சோதனைகளும் தானாகப் பதிவாக வேண்டும்.

அறிக்கை வடிவத்தையும் மாற்ற அனுமதியுங்கள். இடது கீழறையைப் பிரித்துப் பார்க்கும் 17 பகுதிகளிலும் தழும்பின் ஆழம், மொத்தத் தசையில் தழும்பின் விழுக்காடும் அதை அளந்த முறையும், டி1 எண்ணோடு அதே கருவியின் சாதாரண வரம்பு, புறச்செல் அளவு (தசையில் செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கு) கணக்கிட்டிருந்தால் ஹிமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எடுத்த நாள், ரத்தக்கட்டி உண்டா இல்லையா, படத்தின் தரம், கேட்ட கேள்விக்கு நேரான பதில். இவை இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பும் உரிமை சிகிச்சை தரும் மருத்துவருக்கு இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை படம் படிப்பவர்களும், அறுவை மருத்துவர்களும், துடிப்புக் கோளாறு மருத்துவர்களும் ஒரே மேசையில் உட்கார ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சுற்றறிக்கையைத் திருத்தும் வரை நிறுத்தி வையுங்கள். திருத்தும் கூட்டத்துக்கு எங்களில் குறைந்தது இருவரை, ஒரு டெக்னீஷியனையும் ஒரு மருத்துவரையும், அழையுங்கள். சுற்றறிக்கை வந்த பிறகு மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் பட்டியலை எங்களிடம் கொடுங்கள்; அவற்றில் எவை அவசரம் என்று நாங்களே வரிசைப்படுத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
இதயப் படப் பிரிவின் டெக்னீஷியன்களும் மருத்துவர்களும்